கடல்நீரில் இரும்பின் சுவடு

கடல்நீரில் உப்பு உண்டென்பதைச் சிறுவரும் அறிவர். அதில் இரும்பும் உண்டென்பதையும், அவ்விரும்பின்றிக் கடலில் உயிர் தழைக்காதென்பதையும் அறிந்தவர் சிலரே.

கரைக்கு அப்பாற்பட்ட சமுத்திரத்தில், ஓர் இலீற்றர் நீரிற் கரைந்துள்ள இரும்பு ஒரு கிராமின் நூறு கோடியிற் சில பங்கு முதல் சில பத்துப் பங்கு வரையேயாம். கண்ணுக்குப் புலனாகாத மிதவைத் தாவரங்கள் இவ்வற்ப இரும்பின் துணையாலேயே வளர்ந்து காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றன. மற்றைச் சத்துக்கள் மிகுந்திருந்தும் சில கடற்பரப்புக்களில் அவை செழியாமைக்கு இரும்புப் பஞ்சமே காரணமென 1988 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோன் மாட்டினும் அவர்தம் உதவியாளரும் எடுத்துக்காட்டினர். இவ்வுண்மை நெடுங்காலம் மறைந்திருந்ததேன்? முன்னையோர் அளந்தது பெரும்பாலும் கடலின் இரும்பையன்று. தம் கப்பலின் துருவையும், கம்பிவடத்தின் இரும்பையும், ஆய்வுகூடத் தூசியையுமே அளந்தனர்.

அளவை அறிந்தபின் எழும் வினா, இவ்விரும்பு எங்கிருந்து வந்ததென்பது. பாலைவனத் தூசி, கடலடி அடையல், ஆழ்கடல் வெந்நீரூற்று எனப் பல வாயில்கள் உள. இவற்றைப் பிரித்தறியச் சமதானிகள் துணைசெய்கின்றன. இரும்பணு ஒவ்வொன்றிலும் புரோத்தன்கள் 26. நியூத்திரன்களின் தொகையோ வேறுபடும். ஆதலின் 54, 56, 57, 58 என்னும் திணிவெண்களையுடைய 4 நிலையான சமதானிகள் உள. அவற்றுள் 56 நூற்றுக்கு ஏறக்குறைய 92 பங்கும், 54 ஏறக்குறைய 6 பங்கும் ஆகும். இவ்விரண்டின் விகிதம் வாயிலுக்கு வாயில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு மாறுபடும். ஒட்சிசன் அற்ற அடையலிலிருந்து கசியும் இரும்பு இலேசானது. சகாராத் தூசியிலிருந்து கரைவது சற்றுக் கனமானது.

இதனை அளக்கும் முறையைக் காண்போம். இரும்பு தீண்டாத வடத்திற் கட்டிய பிளாத்திக்குக் கொள்கலங்களால் நீரை முகந்து, வடிகட்டி, அமிலமிடுவர். பின்னர், 57, 58 ஆகிய சமதானிகள் செறிந்த இரும்பைத் தெரிந்த அளவிற் கலப்பர். இடையில் நிகழும் விகித மாற்றங்களைத் திருத்துதற்கு இதுவே உரைகல். இரும்பைப் பற்றும் பிசினால் அதனை உப்பினின்றும் பிரித்துத் தூய்மையாக்கித் திணிவு நிறமாலைமானியிற் செலுத்துவர். ஆங்கும் ஓர் இடர் உண்டு. கருவியிலுள்ள ஆகன் வாயு ஒட்சிசனோடு கூடி, 56 என்னும் அதே எண்ணில் இரும்புபோலத் தோன்றும். மிக நுண்ணிய திணிவு வேறுபாட்டைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிவர்.

2010, 2011 ஆம் ஆண்டுகளில் வட அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் குறுக்கே எடுத்த நீரை இவ்வாறு ஆராய்ந்த ரிம் கொன்வே, சேத் ஜோன் என்போர், ஆங்குக் கரைந்துள்ள இரும்பில் நூற்றுக்கு 71 முதல் 87 வரை சகாராத் தூசியின் கொடையென 2014 இல் வெளியிட்டனர். வெந்நீரூற்றின் பங்கு 2 முதல் 6 வரையே. ஆகவே, பாலைநிலத்துத் தூசி கூடினும் குறையினும் தொலைக்கடலின் உயிர்கள் அதனை உணரும்.

நம் மாணவர் இதிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இவ்வாய்வாளர் கடல்நீரை அளக்குமுன், ஒன்றுமில்லாத தூயநீரை அதே வழியிற் செலுத்தித் தம் கையால் எவ்வளவு இரும்பு சேர்ந்ததென அளக்கின்றனர். ஆய்வுகூடத்தில் வெறுஞ்சோதனையை வீண்வேலையெனத் தள்ளிவிட எண்ணும் மாணவர், கடல் பல்லாண்டுகளாகத் தவறாக அளக்கப்பட்ட வரலாற்றை நினைவிற் கொள்வாராக.