பெலிண்டா போட்ட கூச்சல்

புத்தகக் கடையில் ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் முதலில் எங்கே பார்ப்பீர்கள் நேயர்களே? பின்னட்டையைத்தானே? 'எடுத்தால் கீழே வைக்க முடியாது' என்று அங்கே புகழ்ந்து தள்ளியிருப்பார்களே, அதற்குப் பதிப்புத் தொழிலில் பிளர்ப் என்று பெயர். அந்தப் பெயர் பிறந்ததே கேலியில்தான்! 1907-இல் அமெரிக்கப் புத்தக வியாபாரிகளின் விருந்து ஒன்று. ஜெலெட் பர்ஜெஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர், தன் புத்தகத்துக்கு ஒரு வேடிக்கையான மேலுறை போட்டு, விருந்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தார். அதில் ஒரு பெண், வாயருகே கையை வைத்துக் கூவுகிறாள். பெயர், மிஸ் பெலிண்டா பிளர்ப். பதிப்பாளர்கள் அடிக்கும் தம்பட்டத்துக்கு அவர் வைத்த குட்டு அது. பதிப்பாளர்களோ, அந்தப் பெயரையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.