‘வா’ என்னும் வினையும் மலையிறங்கி வரும் மாணவரும்

தேவாரம், கோம்பை, போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் குடும்பங்களை இங்குள்ள ஆசிரியர்கள் அனைவரும் அறிவர். அன்றாடம் போய்த் திரும்புவோர் ஒரு வகை. இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலேயே சில ஆண்டுகள் தங்கிவிட்டுத் திரும்புவோர் இன்னொரு வகை. இரண்டாம் வகைக் குடும்பத்துப் பிள்ளை அங்கே மலையாளவழிப் பள்ளியில் இரண்டு மூன்று வகுப்புகள் படித்திருக்கும். பிறகு தாத்தா, பாட்டியின் ஊருக்கு வந்து நம் பள்ளியில் நான்காம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ சேரும். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலையின் மேல்பகுதி கேரளத்திலும் அடிவாரம் தமிழகத்திலும் அமைந்தன. பிழைப்பு இரண்டு பக்கமும் இருப்பதால் பிள்ளைகளின் பேச்சிலும் இரண்டு மொழிகள் இருக்கின்றன.

இப்படிச் சேரும் மாணவரைப் பற்றி முதல் மாதத்திலேயே நாம் சொல்லும் ஒரு முடிவு உண்டு: “இவனுக்குத் தமிழ் வரவில்லை.” இந்த முடிவு எவ்வளவு சரி என்பதை ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அது நாள்தோறும் நூறு முறை நாம் பயன்படுத்தும் ‘வா’.

எளிய சொல், கடினமான வினை

பல மொழிகளில் அதிகம் புழங்கும் வினைகளே வடிவத்தில் அதிகம் மாறுகின்றன. ஆங்கிலத்தில் ‘கோ’ என்பதன் இறந்தகாலம் ‘வென்ட்’. போலந்து மொழியில் ‘இருக்கிறேன்’ என்பதற்கு ‘யெஸ்தெம்’. ‘இருந்தேன்’ என்பதை ஆண் ‘பிவெம்’ என்றும் பெண் ‘பிவாம்’ என்றும் சொல்ல வேண்டும். வேரை மட்டும் கற்ற ஒருவரால் இவற்றை ஊகிக்க முடியாது. வடிவங்களைப் பேச்சில் கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

நம் ‘வா’வும் அப்படித்தான். நன்னூல் வினைப்பகுதிகளுக்கு வாய்பாடாகக் காட்டும் 23 சொற்களில் ‘நட’வுக்கு அடுத்து நிற்பது ‘வா’. கட்டளையில் அது ‘வா’. இறந்தகாலத்தில் ‘வ’ எனக் குறுகி ‘வந்தேன்’ ஆகிறது. நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் ‘வரு’ என மாறி ‘வருகிறேன், வருவேன்’ என்றாகிறது. எதிர்மறையில் ‘வரவில்லை, வரமாட்டேன், வராது, வராதே’ என நான்கு வழிகளில் பிரிகிறது. தமிழ் வீட்டில் பிறந்த குழந்தைக்கு இது தெரியாமலேயே படிந்துவிடுகிறது. மற்றவருக்கு இது பெரிய பாடம்.

மாணவர் சொல்வது எங்கிருந்து வருகிறது?

மலையாளத்தில் வினைமுற்று ஆளுக்கேற்ப மாறுவதில்லை. ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அது வந்நு. யார் வந்தாலும் ‘வந்நு’தான். அதேபோல் எதிர்காலத்தில் எல்லோருக்கும் ‘வரும்’. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மாணவரின் பேச்சைக் கேட்போம்.

“நான் நாளைக்கு வரும்.” இங்கே வேர் சரி, காலமும் சரி. தன்மை ஒருமை விகுதியான ‘ஏன்’ மட்டும் இல்லை.

“சார் வந்து.” நம் காதுக்கு இது பாதியில் நிற்கும் வாக்கியம். மரியாதைக் குறைவாகவும் படலாம். மலையாளத்தில் ‘சார்’ என்ற சொல்லிலேயே மரியாதை முடிந்துவிடுகிறது, வினைக்கு ‘ஆர்’ விகுதி தேவையில்லை. ஆகவே இது விகுதிக் குறை, பணிவுக் குறை அன்று.

“நேத்து வந்தில்ல.” மலையாளத்தின் ‘வந்நில்ல’ இறந்தகால வடிவத்தோடு ‘இல்லை’ சேர்வது. தமிழில் ‘வர’ என்ற எச்சத்தோடு ‘இல்லை’ சேர்ந்து ‘வரவில்லை’ ஆகிறது.

“நாளைக்கு வராம்.” இதுதான் அதிகம் குழப்புவது. மலையாளத்தில் ‘ஞான் வராம்’ என்றால் ‘கட்டாயம் வருகிறேன்’ என்ற உறுதிமொழி. தமிழ்க் காதில் விழுவதோ ‘வராம’, அதாவது ‘வராமல்’. வருவேன் என்று வாக்குக் கொடுத்த பிள்ளையை வரமாட்டேன் என்று சொன்னதாக நாம் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

நான்கு வாக்கியங்களிலும் மாணவருக்கு வேர் தெரிந்திருக்கிறது, காலம் தெரிந்திருக்கிறது, பொருளும் தெரிந்திருக்கிறது. தெரியாதது வினையின் கடைசி அசையும் அது சேரும் முறையும் மட்டுமே. இதைத் ‘தமிழ் வரவில்லை’ என்று சொல்லிவிட்டால் உயிரெழுத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். ‘விகுதி வரவில்லை’ என்று கண்டுகொண்டால், கற்பிக்க வேண்டிய பகுதி மிகவும் சுருங்கிவிடும்.

ஒலிப்பில் ஒரு வழி

மாணவர் ‘வந்நு’ என்பதை எழுதும்போது பெரும்பாலும் ‘வன்னு’ என்று எழுதுவார். மலையாளத்தில் பல்லில் நா தொடும் ‘ந’ ஒலிக்கும் அண்பல்லில் தொடும் ‘ன’ ஒலிக்கும் ஒரே எழுத்துதான். எனவே ஒலியை அவர் சரியாகவே சொல்கிறார். எந்த எழுத்து என்பதுதான் அவருக்குப் புதிது.

இங்கே ஓர் எளிய இணைப்பைக் கற்றுக்கொடுக்கலாம். மலையாளத்தில் ‘ந்நு’ என முடியும் பல சொற்கள் தமிழில் ‘ந்து’ என வரும்: வந்நு - வந்து, தந்நு - தந்து, இருந்நு - இருந்து, நடந்நு - நடந்து, பறந்நு - பறந்து. ஐந்து சொற்களைக் கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதி வாய்விட்டுச் சொல்லவைத்தால், ஆறாவது சொல்லை மாணவரே மாற்றிவிடுவார். அதன்மேல் ‘ஏன், ஆய், ஆன், ஆள்’ ஏற்றினால் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் கிடைத்துவிடும்.

அவரிடம் உள்ள வலிமையையும் பார்க்க வேண்டும். ர - ற, ல - ள - ழ வேறுபாடுகள் மலையாளப் பேச்சில் தெளிவாக உள்ளன. ‘வருகிறேன்’ என்பதில் உள்ள இரண்டு ஒலிகளையும், ‘மழை வருகிறது’ என்பதில் உள்ள ழகரத்தையும் நம் வகுப்பின் மற்ற பிள்ளைகளைவிட அவர் திருத்தமாக ஒலிக்கக்கூடும். அந்த வரியை வகுப்புக்கு முன் படிக்கும் வாய்ப்பை அவருக்கே கொடுக்கலாம்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. இது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் விதி. இன்றைய தமிழ்ப் பேச்சில் ‘எனக்குக் கொடு, அவனுக்குக் கொடு’ என்று இரண்டையும் கலந்துவிட்டோம். மலையாளத்தில் ‘எனிக்கு தா, அவனு கொடுக்கு’ என்ற வேறுபாடு இன்றும் நிற்கிறது. அந்த நூற்பாவை நடத்தும் நாளில் மலையிலிருந்து வந்த மாணவரின் பேச்சே சிறந்த எடுத்துக்காட்டு.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதலில், சேர்ந்த வாரத்தில் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளலாம். “நேத்து உங்க வீட்டுக்கு யார் வந்தா? நீ எப்போ வந்த? நாளைக்கு யார் வருவா?” விடையில் வேர், காலம், விகுதி ஆகிய மூன்றில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். வாசிப்பை மட்டும் வைத்து நிலையை முடிவு செய்வதற்கு முன் இந்தப் பேச்சுச் சோதனை உதவும். 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கும்போதும், மாணவரிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று அறிவதே நோக்கம்.

இரண்டாவது, வருகைப் பதிவையே பாடமாக்கலாம். ‘உள்ளேன் ஐயா’ என்பதற்குப் பதிலாக ஒரு வாரம், “நான் வந்திருக்கிறேன், செல்வி வந்திருக்கிறாள், குமார் வரவில்லை” என்று ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியும் பக்கத்தில் இருப்பவர், வராதவர் பற்றியும் சொல்லட்டும். விகுதி மாற்றமும் எதிர்மறையும் தனியாக நேரம் ஒதுக்காமலேயே பழகிவிடும்.

மூன்றாவது, பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் இணைத்துக் காட்டலாம். வர்றேன் - வருகிறேன், வருது - வருகிறது, வந்துச்சு - வந்தது, வந்தாங்க - வந்தார்கள், வாங்க - வாருங்கள். இந்தப் பயிற்சி தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தேவை. கட்டுரையில் ‘வந்துச்சு’ என்று எழுதுபவர்கள் அவர்கள்தாம். ஆக, இது ஒருவரைத் தனித்து நிறுத்தும் பாடமாக ஆகாது.

நான்காவது, ‘வா’வின் பிற பயன்பாடுகளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். விடைபெறும்போது ‘போயிட்டு வர்றேன்’. தொடர்ச்சியைச் சொல்ல ‘படித்து வருகிறாள்’. திறமையைச் சொல்ல ‘எனக்கு நீச்சல் வரும்’. கடைசி வாக்கியம் மலையாள மாணவருக்குப் புதிது. அங்கே ‘அறியாம்’ என்றே சொல்வார்கள்.

எல்லா வீட்டுமொழிக்கும் ஒரே மருந்து அன்று

நம் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளும் உள்ளன. கன்னடத்தில் ‘பந்தெ, பந்தனு’ என்றும் தெலுங்கில் ‘வச்சானு, வச்சாடு’ என்றும் ஆளுக்கேற்ற விகுதி உண்டு. ஆகவே அப்பிள்ளைகளுக்கு விகுதி என்ற கருத்து புதிதன்று. இந்தி பேசும் குடும்பத்துப் பெண் குழந்தைக்கோ, தன்மையிலும் ஆண் பெண் வேறுபாடு காட்டும் பழக்கம் இருக்கும். ‘வந்தேன்’ இருபாலருக்கும் பொது என்று அவரிடம் ஒருமுறை சொல்ல வேண்டும். வீட்டில் என்ன மொழி என்று கேட்டு அறிவதே பாதி வேலை.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, எந்த வீட்டுமொழி உடையவரானாலும் பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் வினாத்தாளைக் கண்டு தயங்கும் மாணவர் பலருக்கு, ஆரம்ப வகுப்பில் யாரும் கவனிக்காத ஒரு விகுதிதான் அடியில் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளை “நான் நாளைக்கு வரும்” என்று சொன்னால், “ஆமா, நீ நாளைக்கு வருவே. ‘நான் வருவேன்’னு சொல்லு பார்ப்போம்” என்று திருப்பிச் சொல்லுங்கள். திருத்தமும் நடக்கும், நாளை வருவதற்கான அழைப்பாகவும் அது அமையும்.