ராமேஸ்வரத்துக்கு அப்பால் தரை

தேங்காய்க் களம் வைத்திருக்கும் நண்பர் காங்கேயம் டீக்கடையில் கேட்டார்: "ஏனுங்க, கடலுக்குள்ள ஊரெல்லாம் முழுகிப் போச்சுங்கறாங்களே, நெசமாங்க?"

ஊர் கிடக்கட்டும், நிலம் முழுகியது நிஜம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனி கிலோமீட்டர் கணக்கான தடிமனில் உறைந்து கிடந்தது. அவ்வளவு தண்ணீரும் கடலுக்குத் திரும்பாததால் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே நின்றது.

ஏதாவது ஓர் அணையில் தண்ணீர் இறங்கும்போது பாருங்கள். செங்குத்துக் கரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தட்டையான பக்கம் ஏக்கர் கணக்கில் தரை வெளியே வரும். பாக் நீரிணை அந்தத் தட்டையான பக்கம். பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம். அன்று ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அங்கே அதற்கும் முன்பே ஆட்கள் இருந்தார்கள்; பாகியங்கல குகையில் 45,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதத் தடயம் இருக்கிறது.

பனி உருகியபோது கடல் ஒரே ராத்திரியில் வந்துவிடவில்லை. சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். வேகமான சில நூற்றாண்டுகளில் நான்கு. அற்பமாகத் தெரிகிறதா? ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள தரையில், ஒரு சென்டிமீட்டர் ஏறினால் கரை பத்து மீட்டர் உள்ளே வரும். தாத்தா சிப்பி பொறுக்கிய இடம் பேரன் காலத்தில் கடலுக்குள் இருக்கும். உயிர் பிழைக்க ஓட வேண்டியதில்லை, குடிசையைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவானது.

"அப்ப குமரிக்கண்டம்?" என்றார். இந்தக் கேள்வி வராமல் டீ முடியாது. குமரிமுனைக்குத் தெற்கே கடலடி கொஞ்ச தூரம் ஆழமின்றி நீள்கிறது. வாட்ஜ் திட்டு என்று மீன்பிடிக்குப் பேர்போன இடம். அதில் ஒரு பகுதி அன்று தரையாக இருந்திருக்கும். அதற்கப்பால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அங்கே கண்டம் எதுவும் முழுகவில்லை. எனக்கு அந்தத் திட்டே போதுமான ஆச்சரியம்.

ஆட்கள் வாழ்ந்ததற்குச் சான்று? தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பக்கம் தேரி எனும் செம்மணல் மேடுகளில் நுண்கற்கருவிகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் சோய்னரும் ஆல்ச்சினும் அவற்றைப் பற்றி 1956-இல் விரிவாக எழுதினார்கள். இன்றைய கரைக்கு மேலே இருந்ததால் அவை கைக்கு வந்தன. அன்றைய கரையோரத்தில் போட்டுவிட்டுப் போனவை கடலடி வண்டலுக்குள். பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் 1991-இல் ஒரு கல்லமைப்பைப் பார்த்தார்கள். ஆழத்தை வைத்து 11,000 ஆண்டு என்று சிலர் கணக்குப் போட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மனிதர் கட்டியதுதானா என்பதே விவாதத்தில் இருக்கிறது. நிலமே தாழ்ந்திருக்கலாம், கரையரிப்பும் உண்டு. வயது சொல்ல அங்கிருந்து ஒரு பிடி கரியாவது எலும்பாவது வேண்டும்.