தென் கொரியாவின் தொடக்ககால வீட்டு அகலப்பட்டை இணையச் சந்தை

ஒரு சேவையை வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாங்கிவிட்ட நிலை சந்தைத் தெவிட்டு நிலை எனப்படும். வீட்டு அகலப்பட்டை இணையத்தைப் பொறுத்தவரை இது விரைவில் வந்துவிடும். கைபேசியை ஆளுக்கு ஒன்றாக விற்கலாம். இணைய இணைப்போ வீட்டுக்கு ஒன்றுதான். இந்த எல்லையை முதலில் தொட்ட நாடுகளில் தென் கொரியா முக்கியமானது.

அங்கு 1998இல் துருநெட் நிறுவனம் கேபிள் மோடம் வழியாக வீடுகளுக்கு இணையம் வழங்கத் தொடங்கியது. 1999இல் ஹனரோ டெலிகாம், தொலைபேசிக் கம்பி வழியே செல்லும் ஏ.டி.எஸ்.எல். சேவையுடன் வந்தது. பழைய தொலைபேசி நிறுவனமான கொரியா டெலிகாம் பின்னரே இறங்கியது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குள் அதன் செப்புக் கம்பி முன்பே போயிருந்ததால் மற்ற இரண்டையும் எளிதில் முந்திவிட்டது.

ஏ.டி.எஸ்.எல். வேகம் தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூடக் குறையும். கொரியர்களில் கணிசமானோர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருக்கமாக வாழ்ந்தது இங்கே பெரும் வசதியாயிற்று. ஒரு கட்டடத்துக்குக் கம்பி இழுத்தால் நூறு வாடிக்கையாளர்கள் கிடைத்தனர். 'பி.சி. பாங்' எனப்படும் கணினி விளையாட்டு மையங்களில் வேகமான இணையத்தைச் சுவைத்த இளைஞர்கள் அதையே வீட்டிலும் கேட்டனர்.

2001 இறுதியில் சுமார் 78 லட்சமாக இருந்த இணைப்புகள் 2002 இறுதியில் சுமார் 1.04 கோடி ஆயின. 2000 கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த குடும்பங்களே சுமார் 1.43 கோடிதான். எஞ்சியவர்களில் பலர் முதியோர், கணினி இல்லாதோர், தொலைதூரக் கிராமத்தார். 2003 முழுவதும் கூடியது சுமார் 8 லட்சம் மட்டுமே.

இந்தத் தேக்கம் எல்லோரையும் ஒரேபோல் தாக்கவில்லை. வலையமைப்புக்கான செலவு முன்கூட்டியே கடனாக வாங்கிச் செய்யப்படுவது. மாதக் கட்டணமோ சிறுகச் சிறுக வருவது. புது வாடிக்கையாளர் குறைந்ததும், போட்டியாளரின் வாடிக்கையாளரை இலவச மாதங்களும் பரிசுகளும் தந்து இழுப்பதே வழியாகிறது. அப்படி வந்தவர் அடுத்த சலுகைக்கு வேறிடம் போவார். கடன் சுமை மிகுந்த துருநெட் இதைத் தாங்கவில்லை. 1999இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்நிறுவனம் 2003இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2005இல் ஹனரோ அதை வாங்கியது. ஹனரோவின் நிலையும் உறுதியாக இல்லை. பண நெருக்கடியால் 2003இல் அதன் கட்டுப்பாடு வெளிநாட்டு முதலீட்டாளர் குழுவிடம் சென்றிருந்தது. முன்னோடி என்ற பெயர் மட்டும் கடனை அடைக்காது என்பதை முதலீட்டாளர்கள் தாமதமாகவே கண்டுகொண்டனர்.

இனி வளர்ச்சி என்றால் அதே வீட்டிடம் கூடுதலாக விற்பதே. அதிவேக வி.டி.எஸ்.எல்., பின்னர் ஒளியிழை, இணையத் தொலைபேசி எனச் சேவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. 2006இல் ஹனரோ 'ஹனா டிவி' என்ற வேண்டியபோது பார்க்கும் படச் சேவையைத் தொடங்கியது. இதற்கிடையில், அதுவரை பிற நிறுவனங்களுக்குக் கம்பிகளை வாடகைக்கு விட்டுவந்த பவர்காம் 2005இல் தானே வீடுகளுக்கு விற்கத் தொடங்கியது. நிலச் சொந்தக்காரரே எதிரில் கடை போட்ட கதைதான். 2008இல் ஹனரோவை எஸ்.கே. டெலிகாம் வாங்கி, எஸ்.கே. பிராட்பேண்ட் எனப் பெயர் மாற்றி, கைபேசியையும் வீட்டு இணையத்தையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கலாயிற்று.