தட்டானின் எரிபொருள் கிடங்கு

மழைக்காலம் நெருங்கும் மாலை வேளைகளில், மணலி புதுநகரின் காலி மனைகளுக்கு மேலே தட்டான்கள் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவற்றுள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் அகன்ற பின்னிறகுகளும் கொண்டு, எளிதில் எங்கும் உட்காராமல் பறந்துகொண்டே இருக்கும் ஓர் இனம் உண்டு. பண்டாலா ஃப்ளேவசென்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நீளம் நாலரை சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 0.3 கிராம். இந்தப் பூச்சி இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறது என்றால் நம்புவீர்களா?

மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலார் சார்லஸ் ஆண்டர்சன், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இத்தட்டான்கள் அங்கே திரளாக வந்திறங்குவதைக் கவனித்தார். அத்தீவுகளிலோ தட்டான் பெருகுவதற்கு ஏற்ற நன்னீர்க் குட்டைகள் அரிது. எனவே அவை இந்தியாவிலிருந்து வந்து, காற்றின் துணையோடு கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிச் செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அவற்றின் இறகுகளிலுள்ள கன ஹைட்ரஜனை அளந்தது. மழைநீரில் கன ஹைட்ரஜனின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இளம் பருவத்தில் தட்டான் வளர்ந்த குட்டை நீரின் முத்திரை அதன் இறகில் நிலைத்துவிடும். மாலத்தீவில் பிடிபட்டவை வட இந்தியப் பக்கத்தில் பிறந்தவை என்று அந்த முத்திரை காட்டியது. இயற்பியல் படிப்பவருக்கு இதைவிட இனிய செய்தி உண்டோ! நம் ஊரில் திரிவன எல்லாம் கடல் கடப்பவை என்று கொள்ள வேண்டாம்; இனம் ஒன்றே.

கடலின் நடுவே இளைப்பாற இடமில்லை. எரிபொருளைச் சுமந்தே செல்ல வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லிகிராம், கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 9 கிலோகலோரி. ஆகவே மொத்தம் அரைக் கிலோகலோரிக்குச் சற்று அதிகம். ஒரு வேர்க்கடலைப் பருப்பில் இதைப்போல் சில மடங்கு ஆற்றல் இருக்கிறது! இதே ஆற்றலைக் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தாகச் சேமித்தால் என்ன ஆகும்? கிராமுக்கு 4 கிலோகலோரிதான். ஆகவே 135 மில்லிகிராம் வேண்டும். கிளைக்கோஜன் தன்னைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத நீரையும் பிடித்து வைத்திருக்கும். ஆக 405 மில்லிகிராம். தட்டானின் மொத்த எடையே 300 தானே!

கொழுப்பின் சிறப்பு விளங்கிவிட்டது. ஆனால் தொல்லையும் அங்கேதான். கொழுப்பு வயிற்றுப் பகுதியில் உள்ள கொழுப்புத் திசுவில் கிடக்கிறது. எரிய வேண்டியதோ மார்பிலுள்ள பறக்கும் தசையில். இடையில் இருப்பது நீர்த்தன்மையுள்ள இரத்தம். நீரில் கொழுப்பு கரையாது.

மணலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 1969 முதல் இங்கு இயங்கும் சுத்திகரிப்பு ஆலையின் பெரிய தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைய எண்ணெய் இருந்தால் போதுமா? நிரப்பச் சொல்லும் உத்தரவு வேண்டும், ஏற்றிச் செல்ல டாங்கர் லாரி வேண்டும். பூச்சியின் உடலில் உத்தரவு என்பது ஒரு ஹார்மோன். கொழுப்பை இயக்குவதால் அதற்கு அடிப்போகைனெடிக் ஹார்மோன் என்று பெயர். லாரி என்பது லிப்போஃபோரின் என்னும் புரதம்.

இந்த உத்தரவு முதலில் வெட்டுக்கிளியில்தான் கண்டறியப்பட்டது. 2020-இல் ராஜஸ்தான், குஜராத் வயல்களை மொய்த்த பாலைவன வெட்டுக்கிளியை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் மூளைக்குப் பின்புறமுள்ள சிறு சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தினால், இரத்தத்தில் கொழுப்பு உயர்வதை 1969-இல் கண்டனர். 1976-இல் அமைப்பும் தெரிந்தது: பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு சங்கிலி. தட்டான்களில் உள்ளவை எட்டே கண்ணி உடைய அதன் உறவினர்கள்.

வெட்டுக்கிளி கிளம்பியதும் முதலில் இரத்தத்திலுள்ள ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரையை எரிக்கிறது. அது சட்டென்று கிடைக்கும். ஆனால் நெடுந்தூரம் வராது. பறக்கத் தொடங்கியதும் சுரக்கும் ஹார்மோன் கொழுப்புத் திசுவின் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அங்கே நொதிகள் மூன்று கொழுப்பமிலம் கொண்ட மூலக்கூறிலிருந்து ஒன்றைக் கழற்றுகின்றன. இரண்டோடு மிஞ்சியதை லிப்போஃபோரின் ஏற்றிச் சென்று தசையில் இறக்குகிறது. இறக்கியபின் அது அழிவதில்லை. காலி லாரியாகத் திரும்பி மறுபடியும் ஏற்றிக்கொள்கிறது! நம் உடலில் கொழுப்பைச் சுமக்கும் சில துகள்கள் செல்லுக்குள் போய் அங்கேயே சிதைந்துவிடுகின்றன. இந்தச் சிக்கனத்தில் பூச்சி நம்மை விஞ்சிவிட்டது என்றே சொல்வேன்.

சேமிப்பதற்கும் தனி உத்தரவு உண்டு. வயிறு நிறைந்ததும் பூச்சியின் மூளையிலுள்ள சில செல்கள் நம் இன்சுலினை ஒத்த ஹார்மோனைச் சுரக்கின்றன. "எரித்தது போதும், இனிக் கிடங்கை நிரப்பு" என்பது அதன் செய்தி. சேமி என்பதும் செலவழி என்பதும் மாறி மாறி வந்தால்தான் உயிர் தாங்கும். பழ ஈக்களில் 2007-இல் நடந்த ஒரு சோதனை இதைக் கண்கூடாகக் காட்டியது. செலவழிக்கும் உத்தரவை ஏற்கும் வாங்கியும், கொழுப்பை உடைக்கும் ஒரு முக்கிய நொதியும் இல்லாத ஈக்களை வளர்த்தனர். அவை மிகவும் கொழுத்தன. உணவை நிறுத்தியதும், உடலெங்கும் கொழுப்பு இருக்க, விரைவிலேயே பட்டினியால் மடிந்தன.

கடல் மேல் செல்லும் தட்டானுக்கும் இதே நிலைதான். உத்தரவு வராவிட்டால் கொழுப்பு வெறும் சுமை; அளவின்றி வந்தாலோ கரை தெரியுமுன் கிடங்கு காலி. அகன்ற இறகுகளை விரித்துக் காற்றில் மிதந்து அது செலவைக் குறைக்கிறது. ஆப்பிரிக்காவில் மழைக்குட்டையைக் கண்டதும் பெண் தட்டான் முட்டையிட வேண்டும். முட்டைக் கருவுக்கும் கொழுப்பு தேவை. அதைச் சூலகத்துக்கு ஏற்றிச் செல்வதும் அதே லாரிதான்.