செல்பி: எமது முகம் எமது கையில்

கோயில் திருவிழா, கலியாண வீடு, கடற்கரை, பேருந்துத் தரிப்பிடம் என்று எங்கு சென்றாலும் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்துத் தம்மைத் தாமே படமெடுப்பவர்களைக் காண்கிறோம். "செல்பி" என்ற சொல் 2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் எழுத்தில் பதிவாகியது. 2013இல் ஒக்ஸ்போர்ட் அகராதியினர் அதனை ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தனர். இது வெறும் பகட்டு என்பர் சிலர், பிள்ளைகளைக் கெடுக்கும் நோய் என்பர் வேறு சிலர். பெண்களாகிய எமக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை நாமே சிந்தித்துப் பார்ப்பது நல்லது.

பழைய ஆசை, புதிய கருவி

தன் முகத்தைத் தானே பதிந்து வைக்கும் ஆசை புதியதல்ல. 1839இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் றொபேட் கொர்னேலியஸ் என்பவர், குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்புறத்தில் கமராவை நிறுத்தி, அதன் முன்னால் அசையாமல் இருந்து தன்னைத் தானே படமெடுத்தார். 1999இல் ஜப்பானில் முன்பக்கக் கமராவுடன் கைத்தொலைபேசி வந்தபோது, முகம் பார்த்துப் பேசுவதே அதன் நோக்கமாக இருந்தது. 2010இன் பின்னர் இவ்வகைக் கமரா பரவலாகியது. மக்கள் அதனைத் தம்மைப் படமெடுக்கும் கண்ணாடியாக மாற்றிக்கொண்டனர்.

மெக்சிக்கோ நாட்டு ஓவியர் பிறீடா காலோவின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. 1925இல், 18 வயதில், பேருந்து விபத்தொன்றில் அவரது முதுகெலும்பும் இடுப்பும் முறிந்தன. படுக்கையில் கிடந்தவருக்குக் கட்டிலின் மேலே ஒரு கண்ணாடி பொருத்தப்பட்டது. அதைப் பார்த்துத் தன் முகத்தையே வரையத் தொடங்கினார். தன் காயங்களையும் வலியையும் அவர் மறைக்கவில்லை. பிறர் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பதற்கு முன்னர், தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

பிறர் கேட்ட படங்கள்

எமது பெண்களிடம் உள்ள படங்களை எண்ணிப் பாருங்கள். தேசிய அடையாள அட்டைக்கு ஒன்று, முகாம் பதிவுக்கு ஒன்று, உதவித்திட்டக் கோவைக்கு ஒன்று. எல்லாம் யாரோ கேட்டதற்காக எடுத்தவை. சிரிக்கக்கூடாது, நேரே பார்க்க வேண்டும் என்ற கட்டளையோடு எடுத்தவை. சாமத்தியப் படமும் கலியாணப் படமும் இருந்த அல்பங்கள் பலருக்கு இடம்பெயர்வுகளிலும் 2009இன் இறுதி யுத்தத்திலும் அழிந்து போயின. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரப் போராட்டம் தொடங்கிய தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளையின், கணவனின் படத்தையே நெஞ்சில் ஏந்தியிருந்தனர். தமக்கென்று ஒரு படம் வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வரவில்லை.

இந்நிலையில் ஒரு பெண் தன் முகத்தைத் தானே விரும்பி எடுப்பது சிறு விடயமல்ல. "பிள்ளை, என்ரை முகத்தை நான் வடிவாய்ப் பார்த்தே கனகாலம்" என்று ஒரு தாய் கூறியதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கணவனை இழந்தவள் செல்பி எடுத்தால் "இவளுக்கு இப்ப என்னத்துக்கு இது?" என்று ஊர் கேட்கிறது. இதே கேள்வியை ஆண்களிடம் எவரும் கேட்பதில்லை. அடுத்தவரின் பார்வையென்னும் கண்ணாடியிலேயே மனிதர் தம்மை அறிகின்றனர் என்று சமூகவியலாளர் சாள்ஸ் கூலி 1902இல் எழுதினார். அந்தக் கண்ணாடி எப்போதும் எம்மைக் குறைத்தே காட்டுமானால், நாமும் எம்மைக் குறைவாகவே எண்ணத் தொடங்குவோம்.

செல்பியால் ஊரின் பார்வையையும் அசைக்கலாம். இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில், 2011 குடிசன மதிப்பீட்டின்படி ஆறு வயதுவரையான ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 834 பேரே இருந்தனர். அங்குள்ள பீபீப்பூர் கிராமத்தின் தலைவர் சுனில் ஜக்லான், 2015 ஜூன் மாதத்தில் "மகளுடன் ஒரு செல்பி" என்ற போட்டியை நடத்தினார். பெற்றோர் தம் மகள்மாரோடு பெருமையாகப் படமெடுத்து அனுப்பினர். அம்முயற்சி நாடெங்கும் பேசப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

செல்பியைக் கண்டு "நான் வடிவில்லை" என்று கவலைப்படும் பெண்பிள்ளைகள் பலர். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. குறை முகத்தில் இல்லை, கமராவின் தூரத்திலேயே உள்ளது. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உயிராபத்தும் உண்டு. 2016 ஜனவரியில் மும்பைக் கடற்கரையில் செல்பி எடுத்த இளம்பெண்ணொருவர் கடலில் விழுந்து இறந்தபின், செல்பிக்கு ஆபத்தான 16 இடங்களை அந்நகரப் பொலிசார் அடையாளங்கண்டனர். புகையிரதப் பாதை, பாறை விளிம்பு, குளக்கட்டு போன்ற இடங்களில் பிள்ளைகளைத் தடுப்பது எமது கடமை.

எம்மவர் அதிகம் அஞ்சுவது படம் தவறான கைக்குப் போவதையே. முகநூலில் இடும் படத்தை யார் பார்க்கலாம் என்பதை நீங்களே தெரிவு செய்யலாம். வீட்டு முகவரி, பாடசாலைப் பெயர் தெரியும்படி இடவேண்டாம். அந்தரங்கப் படம் கேட்பவர் எவராயினும், திருமணம் பேசியவராயினும், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம். அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க, "ஸ்டொப் என்.சி.ஐ.ஐ" என்ற இலவச இணையச் சேவை 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 18 வயதுக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தலாம். உங்கள் படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போகாது, அதன் அடையாளக் குறியீடு மட்டுமே முகநூல் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பப்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. படத்தைத் தவறாகப் பயன்படுத்தியவனே வெட்கப்பட வேண்டியவன், படத்தில் இருக்கும் பெண் அல்ல. இதனைத் தாய்மார் வாய்திறந்து சொன்னால், மிரட்டலுக்கு ஆளான மகள் உயிரை மாய்க்க நினைக்காமல் தாயிடம் ஓடி வருவாள்.

சகோதரிகளே, செல்பி எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். எடுத்தால் எவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நாளை உங்கள் பேரப்பிள்ளைகள் "அம்மம்மா எப்படி இருந்தா?" என்று கேட்கையில், அடையாள அட்டைப் படத்தை மட்டுமன்றி, நீங்கள் விரும்பிச் சிரித்த ஒரு முகத்தையும் அவர்கள் காணட்டும்.