அண்ணன் தம்பி பாடினார்கள். மெட்டு யாருடையது தெரியுமா?

சுங்கை வே பக்கம் ஒரு கல்யாண விருந்தில் யாராவது மைக்கைப் பிடித்து 'செகுந்தும் மாவார் மேரா' என்று எடுத்துவிட்டால் போதும், தாத்தாவிலிருந்து பேரன் வரை கூடவே பாடுவார்கள். அல்லிகேட்ஸ் குழுவின் பாட்டாயிற்றே! பினாங்குத் தமிழர்களான டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பியையும் அவர்களுடைய புசுபுசு சுருட்டை முடியையும் தெரியாத மலேசியர் உண்டா? ஆனால் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டது யார், தெரியுமா?

எம். நாசிர்!

வீட்டில் பழைய அல்லிகேட்ஸ் கேசட் கிடந்தால், உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டையை விரித்துப் பாருங்கள். பாட்டின் பெயரோடு, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரிகிற பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று மெட்டமைத்தவர், மற்றது வரிகள் எழுதியவர். மெட்டுக்கு எம். நாசிர், வரிகளுக்கு எஸ். அமின் சகாப் என்ற ஜோடி எத்தனை பாட்டில் வருகிறது என்று எண்ணினால் அசந்துபோவீர்கள்!

நாசிர் 1957இல் சிங்கப்பூரில் பிறந்தவர். படித்ததோ ஓவியம்! ஏ. அலி, எஸ். சஹ்லான் இருவரோடு சேர்ந்து 'கெம்பாரா' குழுவாக 1981இல் முதல் ஆல்பம் போட்டார். அதில் 'எக்ஸ்பிரஸ் ராக்யாட்' என்று ரயிலின் பெயரிலேயே ஒரு பாட்டு. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பட்டர்வொர்த் வரை ஓடிய அதே ரயில்தான்!

கெம்பாரா காலம் முடிந்து, 1989இல் தனியாளாக அவர் போட்ட ஆல்பத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'சோலோ'. அவ்வளவுதான்! ஊருக்கெல்லாம் மெட்டுக் கொடுத்த மனிதர் தன் குரலுக்கென்று போட்ட முழு ஆல்பம் அது.

இங்கிலாந்தில் இதேபோல் குழுவிலிருந்து தனியாளான ஜார்ஜ் ஹாரிசன் கதையே வேறு. பீட்டில்ஸ் இசைத்தட்டு ஒன்றில் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாட்டுக்குத்தான் இடம் கிடைக்கும். குழு பிரிந்ததும், தேங்கிக் கிடந்ததையெல்லாம் 1970 நவம்பரில் ஒரேயடியாக மூன்று இசைத்தட்டுகளாக இறக்கிவிட்டார்! அவர் பாட்டுகள் வெளியே வரக் காத்திருந்தன. நாசிரின் பாட்டுகளோ அடுத்தவர் குரலில் ஏறி ஏற்கனவே ஊர் சுற்றிக்கொண்டிருந்தன.

'சோலோ'வுக்குப் பிறகு 1992இல் 'சௌடாகார் மிம்பி', 1993இல் 'சங்கோங் மெண்டோனான்'. அடுத்த ஆண்டு நாட்டின் பெரிய பாட்டுப் போட்டியான 'ஜுவாரா லாகு'வில் முதல் பரிசு அவருக்கு! எந்தப் பாட்டுக்கு? 'தான்யா சாமா இத்து ஹுட்ஹுட்'. பாரசீகக் கவி அத்தாரின் காவியத்தில் பறவைக் கூட்டத்துக்கு வழிகாட்டும் கொண்டலாத்திதான் இந்த ஹுட்ஹுட்! சூஃபி ஞானக் கதையிலிருந்து வந்த பறவை மலேசிய ராக் மேடையில் கிண்ணம் வாங்கிக் கொடுத்தது. இந்த முறை மெட்டும் அவருடையது, குரலும் அவருடையது!